ஒரு வயது நிரம்பாத லைசென்ஸ்

மார்ச் 3

தம்பிக்கு,

இது நலம் விசாரிக்கும் கடிதம் இல்லை. உன்னோடு இனிமேல் போனில் பேசமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான், அதில் மாற்றமில்லை. எழுதமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மே மாதம் அங்கே வருகிறேன். பதறாதே, உன் வீட்டுக்கு இல்லை. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே ஒரு விடுதியில் அறை பதிவு செய்தாயிற்று. பத்தொன்பதாம் தேதியோடு அம்மா போய் ஒரு வருடம். அன்றைக்கு நான் அந்த ஏரிக்கரையில் நிற்க வேண்டும். "ஏரியில் கரைச்சாச்சு" என்று சித்தப்பாவுக்கு இரண்டே வார்த்தையில் செய்தி அனுப்பிக் கையைக் கழுவிவிட்டாய். எந்த ஏரி, எந்தப் பக்கம், எப்படிப் போவது என்று உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பெற்ற தாயை எங்கே விட்டாய் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். வழியை எழுதி அனுப்பு.

இன்னொன்று. ஏரி ஊரைத் தாண்டி நான்கு மணி நேரம் என்றும், பஸ் எதுவும் போகாது என்றும் சித்தப்பா சொன்னார். எனக்கு ஒரு கார் வேண்டும், நானே ஓட்டிக்கொண்டு போக. ஆமாம், ஓட்டுவேன். போன ஜூன் பதினொன்றாம் தேதி லைசென்ஸ் வாங்கினேன், அம்மா போன இருபத்திமூன்றாம் நாள். ரிவர்ஸ் எடுப்பதில் இரண்டு தடவை தோற்று மூன்றாவது தடவை தேறினேன். சொல்லிக்கொடுத்தவர் கடைசி நாளில், "நீங்க முன்னாடி நல்லாத்தான் போறீங்க, திரும்பித்தான் பார்க்க மாட்டேங்கறீங்க" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

நீ ஒன்பது வருடமாக வாடகைக் கார் கம்பெனியில், விமான நிலையக் கவுண்டரில் நிற்கிறாய். கழுத்தில் டை கட்டி நீ நிற்கிற போட்டோ இன்னும் இங்கே ஹாலில்தான் தொங்குகிறது. கழற்றிப் போடலாம் என்றால் ஸ்டூலில் ஏறினாலும் ஆணி எட்டவில்லை. எந்தக் கம்பெனியில் எடுத்தால் ஏமாற்றமாட்டார்கள் என்று சொல். முன்பின் தெரியாதவர்கள் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வாய் அல்லவா, என்னையும் அந்த மாதிரி ஒரு ஆள் என்று நினைத்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக எக்ஸ்ரே அறைச் சாவியை இன்னொருத்தி கையில் கொடுக்கப் போகிறேன். அதனால் அப்புறம் வா, தேதியை மாற்று என்றெல்லாம் எழுதாதே.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றபடியே பிரித்தேன். கரண்ட் பில்லில் கூட 'மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு' என்று ஒரு வார்த்தை இருக்கும். உன் கடிதத்தில் அதுவும் இல்லை.

நான் இருக்கிற ஊருக்கு என் அக்கா வருகிறாள், வந்து வாடகைக் கார் எங்கே எடுக்கலாம் என்று என்னையே கேட்கிறாள். இதை வெளியில் சொன்னால் யாரும் என்னை மனுஷனாக மதிக்கமாட்டார்கள். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். என்னிடம் ஒரு பழைய வண்டி இருக்கிறது, ஏசி வேலை செய்யாது, மற்றபடி ஓடும். பின் சீட்டில் உட்கார்ந்துகொள். நான்கு மணி நேரமும் நான் வாயைத் திறக்கமாட்டேன், வேண்டுமானால் எழுதி வாங்கிக்கொள்.

முடியாது என்பாய். சரி, கேட்டதற்கு வருகிறேன். பழக்கதோஷம், வாடிக்கையாளர் திட்டினாலும் விவரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வருகை ஹாலில் கண்ணாடிக் கதவைத் தாண்டினதும் வரிசையாக நான்கு கவுண்டர்கள். முதலில் குடை படம் போட்டது. இருப்பதிலேயே மலிவு என்று கம்ப்யூட்டரில் காட்டும், நம்பாதே. கவுண்டர்தான் இங்கே, கார் இருப்பது இருபது நிமிட வேன் தூரத்தில். அங்கே போனால், நீ பதிவு செய்த சின்னக் கார் இல்லை, பெரியதுதான் இருக்கிறது என்பார்கள். உன் இன்ஷூரன்ஸ் போதாது என்பார்கள். களைப்பில் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிடுவாய். அடுத்தது மான் படம். கார் நன்றாக இருக்கும், ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது டார்ச் அடித்துக் கீறல் தேடுவார்கள். எங்கே எடுத்தாலும் சாவி கைக்கு வந்தவுடன் நான்கு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள், கூரையையும் விடாதே. பணம் கட்டுகிற கார்டு உன் பெயரில் இருக்க வேண்டும். ஓட்டுகிறவர் பெயர் ஒன்று, கார்டில் இருக்கிற பெயர் வேறு என்றால் சாவி கிடைக்காது. பெட்ரோல் நிரப்பி வாங்கி, நிரப்பியே திருப்பிக் கொடுக்கிற ஏற்பாட்டைக் கேட்டு வாங்கு.

மூன்றாவது நட்சத்திரம் போட்ட கம்பெனி. உனக்கு அதைத்தான் சொல்வேன். கவுண்டரில் ஒரு வயசான அம்மாள் நிற்கிறாள், அதிகம் பேசமாட்டாள், பேசினால் உள்ளதைப் பேசுவாள். உனக்குப் பிடிக்கும்.

நான்காவது எங்களுடையது. அங்கே வராதே.

ஆனால் இதில் ஒரு சிக்கல். லைசென்ஸ் வாங்கி ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். நான்கு கம்பெனியிலும் இதுதான் விதி, எங்களுடையதிலும். உனக்கு இருபத்திமூன்று நாள் குறைகிறது. ஒன்று என் வண்டியில் வா, இல்லையென்றால் ஜூன் கடைசியில் வா. அம்மா எங்கும் போய்விடமாட்டாள். ஏரிக்கு வழி எழுதினால் புரியாது, காட்டினால்தான் புரியும்.

கேட்க உரிமை இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அம்மா போன அன்றைக்கு உன்னைப் பதினோரு தடவை கூப்பிட்டேன். ஒரு தடவை எடுத்திருந்தால் ஏரி என்ன, எல்லாமே உனக்குத் தெரிந்திருக்கும்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

'அம்மா எங்கும் போய்விடமாட்டாள்.' இந்த வரியை எழுத உனக்குக் கை கூசவில்லையா?

நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மூன்று வருடத்துக்கு முன்னால். மூன்று நாள் பயிற்சிக்குப் பக்கத்து ஊருக்குப் போகும்போது அம்மாவின் மாத்திரைகளை வேளைவாரியாகக் காகிதத்தில் மடித்து வைத்தேன். பக்கத்து வீட்டம்மாவிடம் சாவி கொடுத்தேன். மூன்றாம் நாள் மதியம் அவள் போன் செய்தாள். "உங்க தம்பி வந்திருக்கார், அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்புறார். உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள். தெரியும் என்று சொன்னேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

பயிற்சி வகுப்பிலிருந்து அப்படியே ஓடினேன். முதல் பஸ் நிரம்பி வழிந்தது. இரண்டாவது பஸ் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டது. இறங்கி நடந்தேன், ஓடினேன், விமான நிலையக் கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன். காவல்காரர் டிக்கெட் கேட்டார். உள்ளே பலகையில் உங்கள் விமானத்தின் வரி என் கண் முன்னாலேயே மறைந்தது. வண்டி ஓட்டத் தெரிந்திருந்தால் நாற்பது நிமிட தூரம். மறு வாரமே டிரைவிங் ஸ்கூலில் பெயர் கொடுத்தேன். பாதியில் விட்டேன், மறுபடி சேர்ந்தேன். நாற்பத்தேழு வயதில் எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவைத் திருப்பி அழைத்துக்கொண்டு வரும்போது நானே ஓட்ட வேண்டும் என்பதுதான் எண்ணம். தேறின அன்றைக்கு அழைத்து வருவதற்கு ஆள் இல்லை.

பாஸ்போர்ட், விசா, புதுப் பெட்டி. ஒரு நாளில் நடக்கிற காரியமா இது? அம்மா பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்? யாரையோ நிற்கவைத்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிக்கொண்டு இருந்திருப்பேன். எலும்பு வரைக்கும் பார்க்கிறவள் நான், என் வீட்டுக்குள் ஒரு பெட்டி கட்டியதைப் பார்க்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் எதையும் கடைசி வரி வரை படிக்கிறவள் என்பதை நீ மறந்துவிட்டாய். நான்கு கம்பெனியின் விதிமுறைகளையும் மதிய இடைவேளையில் உட்கார்ந்து படித்தேன், எறும்பு அளவு எழுத்து. மற்ற மூன்றிலும் நீ சொன்னது சரி. உன் கம்பெனியில் ஒரு வருடம் என்ற பேச்சே இல்லை. லைசென்ஸ் செல்லுபடியாக இருந்தால் போதும், புதியவர்களுக்குக் கட்டணம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். சந்தேகத்துக்கு உங்கள் தலைமை அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. உன்னைவிட மரியாதையாக எழுதுகிறார்கள்.

ஆக, பத்தொன்பதாம் தேதி எனக்குக் கார் கொடுக்கக்கூடிய ஒரே கம்பெனி உன்னுடையது. அங்கே மட்டும் வராதே என்கிறாய், அதற்கு ஒரு பொய்யும் சொல்கிறாய். இரண்டாவது தடவையாக எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் கதவைச் சாத்துகிறாய். டை கட்டினவர்கள் நடுவில் இந்த அக்கா வந்து நிற்பது கௌரவக் குறைச்சலா? காரணத்தை எழுது. வழியையும் எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்காவுக்கு,

பொய்தான். பள்ளிக்கூடத்தில் நான் மார்க்கைத் திருத்தினபோதும் அப்பா கண்ணில் படவில்லை, நீதான் கண்டுபிடித்தாய்.

காரணம் கேட்டாய். அந்தக் கவுண்டரில் நான் இல்லை. இல்லாமல் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவையும் அரை நாள். கவுண்டரில் நிற்கிறவன் கவுண்டரில் நின்றாக வேண்டும். மேலாளர் நல்லவர், வேலையை விட்டு அனுப்பவில்லை, பின்னால் இருக்கிற ஷெட்டுக்கு அனுப்பினார். அங்கே எந்த நேரத்தில் வந்து எத்தனை கார் முடிக்கிறோம் என்பதுதான் கணக்கு. இப்போது நான் கார் கழுவுகிறேன், அக்கா. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். தண்ணீர் பீய்ச்சுகிற மெஷின் காதைப் பிளக்கும், அதனால் காதில் எப்போதும் ஒரு மூடி. நீ கவுண்டருக்கு வந்து, என் பெயரைச் சொல்லி எங்கே என்று கேட்டால், அந்தப் பிள்ளைகள் விரலை ஷெட் பக்கம் நீட்டுவார்கள். அதைத்தான் தாங்கமுடியாது என்று நினைத்தேன்.

அம்மாவுக்கும் இது தெரியாது. டை கட்டிக்கொண்டே அவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வருவேன், ஷெட்டில் வந்து கழற்றுவேன்.

இந்த வேலையிலும் ஒரு பெருமை உண்டு, சொல்கிறேன் கேள். திரும்பி வருகிற ஒவ்வொரு காரையும் முதலில் திறக்கிறவன் நான்தான். சீட்டுக்கு அடியில் விழுந்து கிடப்பதெல்லாம் என் கைக்குத்தான் வரும். ஒற்றைக் கம்மல், குழந்தை செருப்பு, யாரோ பாதி எழுதி விட்டுப்போன மன்னிப்புக் கடிதம்கூட ஒரு தடவை.

நான் திட்டம் போட்டு அம்மாவைக் கடத்திக்கொண்டு வந்ததாகவே நீ நினைக்கிறாய். சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள், இனி அதைக் காப்பாற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது. உனக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை வேலைக்கு ஆர்டர் வந்தது அல்லவா? வேறு ஊர், அம்மாவை விட்டுவிட்டுப் போகமுடியாது என்று கிழித்துப் போட்டாய். அந்தத் துண்டுகளை அம்மா குப்பைக் கூடையிலிருந்து எடுத்து ஒட்டவைத்துப் படித்திருக்கிறாள். அன்றைக்கே என்னைக் கூப்பிட்டாள்.

"என்னால அவ வாழ்க்கை இந்த வீட்டுக்குள்ளயே முடியுதுடா. சொன்னா விடமாட்டா. சொல்லாம கூட்டிட்டுப் போயிடு."

இதுதான் அவள் சொன்னது. அவளே சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்தாள். அப்புறமும் நீ அந்த வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தபோது, அன்றைக்கு முழுக்க அவள் அந்த ஒட்டவைத்த ஆர்டரையே எடுத்து எடுத்துப் படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் போனை வாங்கி உன்னைக் கூப்பிடுவாள். என் நம்பர் என்று நீ எடுக்கவில்லை. அந்த நம்பரில் அம்மாவும் இருந்தாள், அக்கா.

கவுண்டருக்கு வா, கார் கொடுப்பார்கள். நான் கண்ணில் படமாட்டேன். வழியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். ஒட்டவைத்துப் படிக்க இப்போது இந்த வீட்டில் ஆள் இல்லை.

யாரைக் கேட்டு எனக்கு வாழ்க்கை கொடுக்கக் கிளம்பினீர்கள், தாயும் பிள்ளையும்? அந்த வேலையை விட்டது தியாகம் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு அம்மாவோடு இருக்கப் பிடித்தது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்னால் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள், அந்த வயதிலும். பின்னும்போது ஊர்க் கதையெல்லாம் பேசுவாள், இறுக்கிப் பின்னாதே என்று நான் கத்துவேன். எனக்கு அது போதும் என்று இருந்தேன். போதுமா என்று ஒருத்தர் என்னைக் கேட்டிருக்கலாம். அவள் போன மறு வாரம் தலைமுடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டேன். இதைச் சித்தப்பா உனக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், எழுதப் பிடிக்காமல்தான் எழுதுகிறேன். உன் நம்பர் என்பது சாக்கு. என் கோபம் உன்மேல் மட்டும் இல்லை. சொல்லிக்கொள்ளாமல் போனவள் அவள். ஒரு மாதம் தவிக்கட்டும், அப்புறம் எடுக்கலாம் என்று இருந்தேன். ஒரு மாதம் இரண்டு வருடமாகிவிட்டது. அந்தப் பதினோரு அழைப்பும் வந்தபோது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு குழந்தையின் மணிக்கட்டைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மணிக்கட்டில் ஒன்றும் இல்லை, வெறும் சுளுக்கு.

சிறுநீரகம் என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாமே நீ. போனை எடுக்காதவள் கடிதத்தைப் பிரிக்கமாட்டாள் என்று நீயாக முடிவு செய்துகொண்டாயா? அம்மா வேண்டாம் என்றாள் என்பாய். அவள் சொன்னதையெல்லாம் அப்படியே செய்கிற பிள்ளையாக நீ எப்போது ஆனாய்?

உன் கம்பெனியில் பதிவு செய்துவிட்டேன். மே பத்தொன்பது காலை எட்டு மணிக்கு எடுக்கிறேன், இருபத்தொன்று காலையில் விமானத்துக்கு முன்னால் விட்டுவிடுகிறேன். சின்னக் கார், வெள்ளை நிறம் கேட்டிருக்கிறேன். நீ விடுதிக்கு வராதே, கவுண்டர் பக்கமும் வராதே. காரை மட்டும் ஒழுங்காகக் கழுவி வை. ஏரிக்கு வழியை எழுதி வண்டிக்குள் வை. இதோடு மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அக்கா


மே 19, காலை

அக்காவுக்கு,

டாஷ்போர்டைத் திறந்து இதை எடுப்பதற்கு முன்னாலேயே பக்கத்து சீட்டைப் பார்த்திருப்பாய். துணி சுற்றி வைத்திருக்கிற அந்தப் பெட்டி, அம்மா. பெல்ட்டைக் கழற்றாதே. சீட்டில் கனம் இருந்து பெல்ட் போடாவிட்டால் இந்தக் கார் வழி முழுக்கக் கத்திக்கொண்டே வரும்.

ஏரியில் கரைக்கவில்லை. சித்தப்பா தினம் தினம் கேட்டார், வாயை அடைக்க அப்படி எழுதினேன். ஒரு வருடமாக என் அலமாரியின் மேல்தட்டில், குளிர்காலத் துணிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். இரண்டு தடவை ஏரி வரைக்கும் கொண்டுபோனேன், இரண்டு தடவையும் திரும்பக் கொண்டுவந்தேன். அக்கா ஜூனில் வந்தால் அதற்குள் எப்படியாவது கரைத்துவிடலாம், பொய் பொய்யாக இல்லாமல் போய்விடும் என்றுதான் உன்னைத் தள்ளிப் போடப் பார்த்தேன். கடைசி வாரம் அம்மா சரியாகப் பேசவில்லை. பேசினதில் எனக்குத் தெளிவாகக் கேட்டது இதுதான்.

"அவ வரட்டும்டா. அவ கையால விடட்டும்."

வழி எழுதுகிறேன். இங்கே வண்டி சாலையின் வலது பக்கம் ஓடும், நீ பழகினதற்கு எதிர்ப் பக்கம். முதல் அரை மணி நேரம் வாய்விட்டு "வலது, வலது" என்று சொல்லிக்கொண்டே ஓட்டு, நானும் அப்படித்தான் பழகினேன். பெரிய சாலையிலேயே நேராகப் போனால் மலைச் சாலை பிரிகிற இடத்தில் ஒரு பெட்ரோல் பங்க், அதற்கு அப்புறம் எண்பது கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது, நிரப்பிக்கொள். அந்தச் சாலை முடிகிற இடம்தான் ஏரி, அங்கே மரத்தால் கட்டின பழைய படகுத்துறை ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வந்த புதிதில் ஒரு நாள் கம்பெனி காரில் அம்மாவை அங்கே கூட்டிப்போனேன். அதன் கடைசிப் பலகையில் உட்கார்ந்து தண்ணீரில் காலை விட்டாள். என்ன குளிர், என்ன குளிர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், காலை மட்டும் எடுக்கவில்லை. அக்காவையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றாள்.

நீ வெளியே போகிற பாதை எங்கள் ஷெட்டைத் தாண்டித்தான் போகும். நானும் வரலாம் என்று தோன்றினால் ஷெட் வாசலில் நிறுத்தி ஒரு தடவை ஹார்ன் அடி. லீவு சொல்லி வைத்திருக்கிறேன், அப்படியே ஏறிக்கொள்வேன். தோன்றாவிட்டால் நிற்காமல் போய்விடு. உனக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

தம்பி


மே 21, காலை ஆறரை மணி

தம்பிக்கு,

சாவியோடு இந்தத் தாளையும் கொடுத்தார்கள், 'எங்கள் சேவை பற்றி உங்கள் கருத்து' என்று. என்னிடம் வேறு காகிதம் இல்லை. இதன் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதுகிறேன்.

கார் சுத்தமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இருந்தது. பெல்ட் போய் மாட்டுகிற இடுக்கைக்கூட துடைத்திருக்கிறாய். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவமாட்டாய் நீ.

புறப்படுவதில் தாமதம் ஏற்பட்டதா என்று கேட்கிறார்கள். ஏற்பட்டது, ஊழியர்களால் இல்லை. இருபத்தைந்து நிமிடம் அந்த சீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உன்னை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளையும் திட்டினேன், பக்கத்தில் வைத்துக்கொண்டே. அப்புறம் வண்டியை எடுத்து ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

ஒரு தடவை ஹார்ன் அடித்தேன்.

நீ முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாய். காதில் அந்த மூடி. எழுதிவைத்த மனுஷன் அதைக் கழற்றிவிட்டு நிற்க மாட்டாயா? பின்னந்தலையில் முடியெல்லாம் கொட்டி அப்பா மாதிரி ஆகிவிட்டாய். ஒரே கதவுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாய், அது எப்போதோ சுத்தமாகிவிட்டது. ஒரு தடவை அடி என்று எழுதியிருந்தாய், அடித்தேன். நீ திரும்பவில்லை. இரண்டாவது தடவை அடிக்க எனக்குக் கை போகவில்லை. இறங்கி வந்து தோளைத் தட்டியிருந்தால் பத்தடி தூரம். நீ பதினோரு தடவை கூப்பிட்டது அப்போது ஞாபகம் வந்தது. வந்தும் நான் இறங்கவில்லை. பின்னால் ஒரு கார் வந்து நின்றது, நகர்ந்துவிட்டேன். நான் கூப்பிடவே இல்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

வலது, வலது என்று சொல்லிக்கொண்டே ஓட்டினேன். மலைச் சாலையில் ஒரு இடத்தில் எதிரே லாரி வந்தபோது வலது கையை நீட்டிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். மற்றபடி நன்றாக ஓட்டினேன். அவள் ஒரு தடவைகூட நான் ஓட்டின காரில் ஏறினதில்லை.

அந்தக் கடைசிப் பலகையில் உட்கார்ந்தேன். குளிர்தான், நீ எழுதினதைவிட அதிகம். பாதியைத் தண்ணீரில் விட்டேன். அவ கையால என்று சொன்னாள், சரி, விட்டாயிற்று. மீதியை விடவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை அங்கே போய் நின்றவன் நீ. உன் கைக்கும் கொஞ்சம் இருக்கட்டும் என்று மூடிவிட்டேன்.

பெட்டி அதே சீட்டில் இருக்கிறது, பெல்ட் போட்டு. முதலில் திறக்கிறவன் நீதான் என்பதால் தைரியமாக விட்டுப்போகிறேன். இன்றைக்கு நீ எட்டு மணிக்குத்தான் வருவாயாம், அதற்குள் நான் விமானத்துக்கு உள்ளே போயிருப்பேன். உன் பங்கை நீ கொண்டுபோய் விடு. தனியாகத்தான் போக வேண்டியிருக்கும். நானும் தனியாகத்தான் போனேன்.

பெட்ரோல் நிரப்பிவிட்டேன். நான்கு பக்கமும் போட்டோ எடுத்தேன், கீறல் இல்லை.

கடைசிக் கேள்வி, மீண்டும் எங்களிடம் வருவீர்களா என்று. ஆம், இல்லை, இரண்டு கட்டம் போட்டிருக்கிறார்கள். அடுத்த மாதம் லைசென்ஸுக்கு ஒரு வயது ஆகிவிடும், அப்புறம் எந்தக் கவுண்டரிலும் எனக்குக் கார் கொடுப்பார்கள். இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டிருக்கிறேன். எதில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்தால் நீ போடு.

அக்கா